மேஸ்திரிக்கு ஒரு வீதி, சிரஸ்தாருக்கு ஒரு பாலம்

சென்னையில் தொடங்கி தூத்துக்குடியில் முடிகிற ஐந்து நாள் பயணம் இது. கோயில், அருவி, கடற்கரை எதுவும் பட்டியலில் இல்லை. பெயர்ப்பலகைகள்தான். அரசு வேலை பார்த்தவர்கள், ஊராட்சி நகராட்சி நடத்தியவர்கள் பெயரில் இருக்கும் சாலைகளையும் பாலங்களையும் பார்த்துக்கொண்டே போவது. அந்தந்த நாளின் குறிப்பு அன்றன்று இரவே இங்கே ஏறும்.

நாள் 1: சென்னை

காலை ஆறரைக்கு நேப்பியர் பாலத்தில் இருந்தால் நல்லது. ஏழரை தாண்டிவிட்டால் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்க்க விடமாட்டார்கள். கூவம் கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கும் இந்தப் பாலம் முதலில் 1869-ல் இரும்பில் கட்டப்பட்டது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த பிரான்சிஸ் நேப்பியர் பெயர் வைத்தார்கள். அதாவது ஆள் பதவியில் இருக்கும்போதே பெயர் வைத்தாயிற்று. அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். ஊர் ஜனங்கள் இரும்புப் பாலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நாம் பார்க்கும் கான்கிரீட் வில் வளைவுகள் 1943-ல் வந்தவை. ஆறு கண், மொத்தம் 138 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு வளைவுக்கு 23 மீட்டர் வரும். வில்லுக்கு நாண் மாதிரி வளைவின் இரண்டு முனைகளையும் அடியில் ஒரு கட்டுவிட்டம் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதனால் வளைவு கரையைப் பக்கவாட்டில் தள்ளாது. முகத்துவாரத்துச் சேற்று மண்ணில் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். 1999-ல் பக்கத்திலேயே இதே தோற்றத்தில் இன்னொரு பாலம் கட்டி போக்குவரத்தைப் பிரித்தார்கள். 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக வளைவு, கைப்பிடி, தரை எல்லாவற்றிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தது நினைவிருக்கும்.

1943-ல் ஆளுநர் ஆர்தர் ஹோப். பாலத்தைப் புதிதாகக் கட்டியவர்கள் பழைய பெயரை மாற்றவில்லை. ஹோப் பெயரை நாளைக்குக் கோவையில் பார்க்கலாம், எதிர்பார்க்காத இடத்தில்.

கடற்கரைச் சாலையோடு தெற்கே காந்தி சிலை வரை நடந்து, ராதாகிருஷ்ணன் சாலையில் திரும்பினால் பக்கிங்ஹாம் கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம். கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவோம். பழைய பெயர் ஹாமில்டன் பாலம். மெட்ராஸ் வழக்கில் பாலம் என்றால் வாராவதி. ஹாமில்டன் என்பது சென்னைவாசிகள் வாயில் ஆமில்டன் ஆகி, அம்பட்டன் வாராவதி ஆகிவிட்டது. அதைக் கேட்ட வெள்ளைக்காரர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள்! இப்போது அரசுப் பெயர் டாக்டர் அம்பேத்கர் பாலம். பெயர் வைக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்: ஊர் நாக்குக்குப் படியாத பெயரை ஊர் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும். பலகையை எழுதுவதற்கு முன்னால் பத்துப் பேரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

அதே ராதாகிருஷ்ணன் சாலை முன்பு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. எலியட் சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். சாலை கைமாறிவிட்டது. பெசன்ட் நகரில் எலியட்ஸ் பீச் மட்டும் அப்படியே இருக்கிறது. கடற்கரைக்குக் கதவு எண் கிடையாது. தீர்மானம் போட்டு மாற்ற யாருக்கும் அவசரமில்லை. பைகிராப்ட்ஸ் ரோடு பாரதி சாலை ஆனதும், சேமியர்ஸ் ரோடு பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை ஆனதும் இதே வகை. பைகிராப்டும் சேமியரும் உயர்பதவி வகித்த சிவில் அதிகாரிகள். சேமியர்ஸ் ரோடு என்று கேட்டால் ஆட்டோக்காரர் இன்றும் வண்டியைக் கிளப்பிவிடுவார். முழுப்பெயர் சொன்னால் ஒரு நிமிடம் யோசிப்பார்.

மதியத்துக்கு மேல் தியாகராய நகர். 1920-களில் மாம்பலம் ஏரிப் படுகையில் போட்ட நகர் இது. நீதிக்கட்சி ஆண்ட காலம்; மாநகராட்சியும் அவர்கள் கையில். அதனால் தெருப்பெயர்களைப் படித்தாலே அன்றைய நிர்வாகத்தின் வருகைப் பதிவேடு கிடைத்துவிடும். தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தவர். பனகல் பார்க், 1921 முதல் 1926 வரை முதன்மை அமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயர். உஸ்மான் சாலைக்குப் பெயர் தந்த முகமது உஸ்மானும் மாநகராட்சித் தலைவர்தான். 1934-ல் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார். மலோனி ரோட்டுக்காரர் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இந்த மாகாணத்தில் நடத்திய ஐ.சி.எஸ். (வெள்ளைக்காரர் காலத்து இந்திய ஆட்சிப்பணி) அதிகாரி. தெற்கு போக் ரோட்டில் இருந்த போக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி நகர்ந்து, செவாலியே சிவாஜி கணேசன் சாலைக்கு இடம் விட்டுவிட்டார். வடக்கு போக் சாலை மட்டும் தனியாக நிற்கிறது. தெற்கு எங்கே என்று புதிதாக வருபவர்கள் தேடுவார்கள். பாதியை மாற்றினால் இதுதான் சிக்கல்.

தெற்கு உஸ்மான் சாலையின் தலைக்கு மேலே போவது ஜெ. அன்பழகன் மேம்பாலம். சி.ஐ.டி. நகரை இணைக்கும் இரும்புக் கட்டுமானம், 2025 செப்டம்பரில் திறந்தது. அன்பழகன் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி எம்.எல்.ஏ.வாக இருந்தபோது 2020 ஜூன் 10 அன்று கொரோனாவில் இறந்தவர். கீழே ஒரு மாநகராட்சித் தலைவர், மேலே ஒரு எம்.எல்.ஏ. ஒரே சாலையில் நூறாண்டு இடைவெளியில் இரண்டு பெயர். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. புதுக் கட்டுமானத்துக்குப் புதுப்பெயர் வைப்பதில் இருக்கும் பெரிய வசதி இதுதான்: யாருடைய முகவரியும் மாறாது, யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள்.

இந்த இடத்தில் நடைமுறையைச் சொல்லிவிடலாம். முதல் வேலை, சாலை யாருடையது என்று கண்டுபிடிப்பது. மாநகராட்சிச் சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா, ஊராட்சித் தெருவா? நெடுஞ்சாலைத் துறைச் சாலைக்கு நகராட்சியில் மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. மாநகராட்சிச் சாலை என்றால் வார்டு கவுன்சிலர் வழியாக மண்டலக் குழு, அங்கிருந்து மன்றக் கூட்டம், மன்றத் தீர்மானத்துக்கு அரசின் ஒப்புதல், பிறகு அரசாணை. மனுவில் இருக்க வேண்டியவை: சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நீளம், இப்போதைய பெயர், வார்டு எண், வைக்கப்போகும் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எந்த எழுத்துக்கூட்டலில், தலைப்பெழுத்து எது. கடைசி இரண்டில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். தமிழில் ஒரு தலைப்பெழுத்து, ஆங்கிலத்தில் வேறு தலைப்பெழுத்து என்று பலகை நின்றுவிட்டால், வரைபடச் செயலிகள் அதை இரண்டு சாலையாக எடுத்துக்கொள்ளும்.

அதே ஊரில் அதே பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே நகராட்சிக்குள் நாலு காந்தி தெரு இருந்தால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்தான் திண்டாடுவார்.

நாள் 2: கோயம்புத்தூர்

அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம், செலவு 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபர் 9 அன்று ஜி.டி. நாயுடு மேம்பாலம் என்ற பெயரோடு திறந்தார்கள். நாயுடு அரசு ஊழியர் இல்லை, தொழிலதிபர், கண்டுபிடிப்பாளர். ஆனாலும் இந்தப் பயணத்தில் அவரைத் தவிர்க்க முடியாது. அதே மாதத்தில்தான் தெரு, குளம், குடியிருப்புப் பெயர்களில் இருக்கும் சாதியை நீக்குவதற்கான அரசாணையும் வந்தது. பாலத்தில் மட்டும் நாயுடு ஏன் என்று கேள்வி எழுந்தது. நாயுடுவை எடுத்துவிட்டால் ஜி.டி. என்ற இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சும். அது யாரென்று கோவைக்காரருக்கே தெரியாது என்று மறுபக்கம் பதில் வந்தது.

இந்தச் சர்ச்சை புதிதில்லை. 1970-களின் கடைசியில் சென்னைத் தெருக்களில் சாதிப் பின்னொட்டை எடுத்தபோது ஜி.என். செட்டி ரோடு ஜி.என். சாலை ஆனது. சி.பி. ராமசாமி ஐயர் சாலை, சி.பி. ராமசாமி சாலை ஆனது. இரண்டாவது பிழைத்துக்கொண்டது, ஏனென்றால் ராமசாமி என்று ஒரு ஆள் பெயர் அதில் மிச்சம் இருக்கிறது. முதலாவதில் ஆளே இல்லை. கோபதி நாராயணசாமி என்று முழுப்பெயரை எழுதியிருந்தால் சாதியும் போயிருக்கும், ஆளும் நின்றிருப்பார். பலகையில் கூடச் சில எழுத்து, அவ்வளவுதான்.

மேம்பாலத்துக்குக் கீழே பழைய அவினாசி சாலையில் நகரப் பேருந்து ஏறி ‘ஹோப்ஸ்’ என்று டிக்கெட் கேளுங்கள். ஹோப் காலேஜ் என்றும் சொல்வார்கள். அங்கே இறங்கிக் கல்லூரியைத் தேடினால் கிடைக்காது. ஜி.டி. நாயுடு முன்னின்று 1945-ல் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிதான் அந்தப் பெயருக்குக் காரணம். அது பிறகு அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் மாறி, தடாகம் சாலைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் தங்கிவிட்டது. நேற்றுப் பார்த்த நேப்பியர் பாலத்தைப் புதுப்பித்த காலத்து ஆளுநர் அதே ஹோப்தான். அவரைக் கௌரவிக்க இன்றைக்கு யாரும் ஹோப்ஸ் என்று சொல்வதில்லை. கண்டக்டருக்கு மூன்றெழுத்துச் சொல் வசதி, அதனால் நின்றது. நாயுடு அன்று ஆளுநருக்குப் பெயர் வைத்தார். இன்று அந்த ஆளுநரின் ஸ்டாப்புக்கு மேலே நாயுடுவின் பாலம் போகிறது.

சாயங்காலம் டவுன் பக்கம் போனால் சல்லிவன் வீதி. ஜான் சல்லிவன் கோவை கலெக்டர், ஊட்டியை உருவாக்கியவர். இடுக்கலான கடைவீதி, பார்க்க வேண்டியது அங்கே பலகையைத் தவிர ஒன்றுமில்லை.

மேம்பாலத்தில் பெயர்ப்பலகை வைப்பது பற்றி ஒரு சின்னக் கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 14 மீட்டர் போகும். எழுத்து ஒரு செ.மீ. உயரம் இருந்தால் நாலைந்து மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது தோராயக் கணக்கு. ஆக 20 செ.மீ. எழுத்து என்றால் 80 முதல் 100 மீட்டர். ஓட்டுநருக்குக் கிடைப்பது ஆறேழு நொடி. அதற்குள் வழியையும் பார்க்க வேண்டும், பட்டம், அடைமொழி, முழுப்பெயர், ‘நினைவு மேம்பாலம்’ எல்லாவற்றையும் படிக்கவும் வேண்டும் என்றால் நடக்காது. தமிழில் இன்னொரு தொல்லை: ண, ன, ணை, னை போன்ற சுழி எழுத்துகளில் ஒளி திருப்பும் தாள் இரவில் பளிச்சென்று எரிந்து சுழியின் உள்வெளியை அடைத்துவிடும். எழுத்தின் தடிமனைக் கொஞ்சம் குறைத்து, சுழியைத் திறந்து எழுதும் எழுத்துருதான் சரி. கல்வெட்டில் பட்டத்தோடு எழுதுங்கள், வழிகாட்டிப் பலகையில் நாலு சொல்லுக்குள் முடியுங்கள்.

நாள் 3: தேனி, லோயர் கேம்ப்

திண்டுக்கல், வத்தலக்குண்டு வழி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலைக்கு லாஸ்காட் என்று பெயர். ஏதோ தொலைந்துபோன மாதிரிக் கேட்கும். மேஜர் லா என்ற பொறியாளர் பெயர்தான் அது. ‘லா’வின் காட் ரோடு (மலைச்சாலை), லாஸ்காட்.

தேனி புதுப் பேருந்து நிலையத்தின் முழுப்பெயர் கர்னல் ஜான் பென்னிகுயிக் நினைவுப் பேருந்து நிலையம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் அவர். பேருந்துகளில் சத்தம் போடுவது ‘தேனி புது பஸ் ஸ்டாண்ட்’ என்றுதான். நேற்றைய ஆறு நொடிக் கணக்கு இங்கே கண்டக்டரின் மூச்சுக்கும் பொருந்தும்.

ஆனால் பென்னிகுயிக் விஷயத்தில் பலகையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுக்கப் போய்ப் பாருங்கள். கடைப் பெயர், வீட்டுச் சுவரில் படம், பையனுக்குப் பெயர். 1887-ல் தொடங்கி 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து இந்த வயல்களில் இறங்குகிறது. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் சேர்த்துக் கட்டிய அணை. அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலோடு சேர்ந்து வருவதால் அவருக்கென்றே பொங்கல் வைப்பார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த மணிமண்டபத்தில் சிலை இருக்கிறது. 2022-ல் இங்கிலாந்தில் கேம்பர்லி நகரிலும் தமிழக அரசு ஒரு சிலை வைத்தது.

அணைக்கு அவர் பெயர் இல்லை, கவனித்தீர்களா? இரண்டு ஆற்றின் பெயர்தான். கால்வாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் ஞாபகமும் வருகிறது, பலகை வேண்டியதில்லை. தேனியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். குமுளி போகும் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். அணைக்கே போக அனுமதி வேண்டும். சுற்றுலாவாகப் போய் நிற்கும் இடமில்லை அது.

நாள் 4: மதுரை

இந்தப் பயணத்தின் மையம் இந்த ஊர்தான். காலை ஏழு மணிக்குள் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றுவிட வேண்டும். கடை திறந்து விளம்பரப் பலகைகள் வெளியே வந்துவிட்டால் தெருப்பெயர் ஒன்றும் தெரியாது.

மதுரையின் உள்கட்டு எல்லோருக்கும் தெரிந்தது: கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, பிறகு ஆவணி மூலம், பிறகு மாசி. எல்லாம் மாதங்கள், திருவிழாக்கள். மாசி வீதியைத் தாண்டியதும் மாதக் கணக்கு நின்று ஆட்கள் வந்துவிடுகிறார்கள்: மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. அதற்கும் வெளியே வெளி வீதி. ஏன் இப்படி?

நாயக்கர் காலக் கோட்டை மதுரையைச் சுற்றி அகழியோடு நின்றது. 1830-களிலும் 40-களிலும் இங்கே கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். ஊர் பெருத்துவிட்டது, கோட்டைக்குள் மூச்சு முட்டுகிறது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பதற்கு அரசுப் பணம் மட்டும் போதாது என்று அவர் ஒரு வழி செய்தார்: மதிலை இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கு அந்த இடத்தையே கொடுப்பது. ஊரே இறங்கி வேலை செய்தது. நிலத்தை அளந்து கொடுத்தவர் மாரட் என்ற சர்வேயர். ஆட்களை வைத்து வேலை வாங்கியவர் பெருமாள் என்ற மேஸ்திரி. புதிதாகக் கிடைத்த தெருக்களுக்கு அவர்கள் இருவர் பெயரும் வந்தன.

டவுன்ஹால் ரோட்டில் கிழக்கே நடந்தால் மேல வெளி வீதிக்கு அடுத்துக் குறுக்கே வருவது மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி. லாட்ஜுகள் நிறைந்த தெரு. அதில் நின்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: காலடியில் ஒரு காலத்தில் கோட்டையின் ஓரம். இந்த வழிநெடுகப் பார்த்த பெயர்களில் ஆளுநர், கலெக்டர், ஐ.சி.எஸ்., மேஜர், கர்னல் எல்லாம் வந்தாயிற்று. மேஸ்திரி இவர் ஒருவர்தான். அதுவும் பதவியோடு சேர்த்தே பலகையில் இருக்கிறது. பெருமாள் வீதி என்று மட்டும் வைத்திருந்தால் சாமி பெயர் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். கோயில் ஊரில் அப்படித்தான் ஆகும். ‘மேஸ்திரி’ என்ற சொல்தான் ஆளைக் காப்பாற்றியது. கீழ்நிலை ஊழியர் ஒருவர் பெயரைத் தெருவுக்கு வைக்கிறவர்கள் அவருடைய வேலைப்பெயரையும் சேர்த்து வைப்பது நல்லது. லைன்மேன், செவிலியர், தலையாரி, எதுவானாலும். கூச்சப்பட்டு அதை எடுத்துவிட்டு ‘திரு’ போட்டால் இருபது வருஷத்தில் அவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

மாரட் பெயருக்கு வந்த கதி வேறு. ஆங்கிலப் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. மராட்டியர் தெரு என்றுகூட விளக்கம் சொல்வார்கள்.

கலெக்டருக்குத் தெரு இல்லை, ஒரு தூண் இருக்கிறது. தெற்கு மாசி வீதியோடு கிழக்கே போனால் விளக்குத்தூண். பிளாக்பர்னுக்கு நன்றி சொல்லி ஊரார் நட்ட இரும்பு விளக்குக் கம்பம். அவர் பெயர் கம்பத்தில் இருக்கிறது. ஊர் வாயில் இல்லை. விளக்குத்தூண் ஸ்டாப், விளக்குத்தூண் போலீஸ் ஸ்டேஷன் என்று பொருளின் பெயரே இடப்பெயராகிவிட்டது. சர்வேயரும் மேஸ்திரியும் தெருவாக நின்றுவிட்டார்கள், கலெக்டர் விளக்கு அணைந்து தூணாக நிற்கிறார். கம்பத்தைச் சுற்றி ஜவுளிக்கூட்டம். எழுத்தைப் படிக்க ஞாயிறு அதிகாலைதான் வழி.

இடித்ததில் தப்பிய கோட்டைத் துண்டு ஒன்று பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதிலின் கனத்தைப் பார்த்தால் பெருமாள் மேஸ்திரியின் வேலை எவ்வளவு என்று கொஞ்சம் புரியும்.

வைகை மேல் இருக்கும் ஏ.வி. பாலத்தை முழுசாகச் சொன்னால் ஆல்பர்ட் விக்டர் பாலம், 1889. விக்டர் இளவரசர், மதுரைக்கு என்ன செய்தார் என்று கேட்கக்கூடாது. ஏ.வி. என்றால் என்ன என்று பாலத்தில் போகிறவர்களைக் கேட்டால் சரியான பதில் வருவது அபூர்வம். இன்னொரு கலெக்டர், 1812 முதல் 1828 வரை இருந்த ரவுஸ் பீட்டர், தெருவே இல்லாமல் ‘பீட்டர் பாண்டியன்’ ஆகிவிட்டார். மீனாட்சிக்குத் தங்க அங்கவடி கொடுத்தவர். அப்படிப் பட்டம் கொடுக்க எந்த மன்றத்திலும் தீர்மானம் போட முடியாது.

பெயர் மாறும்போது வீட்டுக்காரர் செய்ய வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடலாம், பழைய தெருவாசிகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பத்திரம் செல்லாமல் போகாது. பத்திரத்தில் சொத்தை அடையாளம் காட்டுவது சர்வே எண்ணும் நான்கெல்லையும். அடுத்த முறை பத்திரம் போடும்போது ‘முன்பு இன்ன தெரு’ என்று பழைய பெயரையும் எழுதச் சொன்னால் போதும். அஞ்சல் குறியீட்டு எண் மாறாது. சொத்துவரி ரசீதில் மாநகராட்சி தானாக மாற்றிவிடும். மின் இணைப்பு, ஆதார், ரேஷன் அட்டை தானாக மாறாது. முதலில் வரி ரசீதில் புதுப்பெயர் வந்துவிட்டதா என்று பார்த்து, அதை ஆதாரமாக வைத்து மற்றவற்றை மாற்றுவதுதான் வரிசை. தலைகீழாகப் போனால் ஒவ்வொரு அலுவலகமும் இன்னொன்றைக் காட்டும்.

நாள் 5: திருநெல்வேலி, பிறகு தூத்துக்குடி

நெல்லை சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டை போகிற வழியில் கொக்கிரகுளத்துக்கு முன்னால் தாமிரபரணி மேல் சுலோச்சன முதலியார் பாலம். பாலத்தின் மேலே நின்றால் வண்டிச் சத்தம் தவிர ஒன்றும் தெரியாது. படித்துறைப் பக்கம் இறங்கி, தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் வளைவுகளின் நிழல் ஆற்றில் விழுந்து முழு வட்டமாகத் தெரியும்.

11 வளைவு, ஒவ்வொன்றும் 60 அடி. மொத்த நீளம் 760 அடி. வளைவுகளுக்கு 660 அடி போக மிச்சம் 100 அடியும் நடுவில் நிற்கும் தூண்களுக்கு. நேப்பியர் பாலத்தில் பார்த்த கட்டுவிட்டம் இங்கே கிடையாது. கட்டுமான வளைவு பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலை அடுத்த வளைவு எதிர்த்துத் தள்ளி வாங்கிக்கொள்ளும். கரையோர வளைவின் தள்ளலைக் கரை வாங்கும். ஒரு வளைவு போனால் பக்கத்து வளைவுக்கும் ஆபத்து என்பதால் வெள்ளக்காலத்தில் தூணின் அடிமண் அரிக்கிறதா என்பதுதான் இந்த மாதிரிப் பாலத்தில் முதலில் பார்க்க வேண்டியது. கேப்டன் ஹார்ஸ்லி பொறுப்பில் 1840-ல் தொடங்கி 1843-ல் முடித்தார்கள். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மனதில் வைத்து வரைந்தது என்பார்கள்.

பெயர் ஏன் ஹார்ஸ்லி பாலம் இல்லை? அன்றைய கலெக்டர் பெயராவது? சுலோச்சன முதலியார் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார். உள்ளூர் ஊழியர்களில் மேல்நிலைப் பதவிதான், ஆனாலும் கலெக்டருக்குக் கீழே கைகட்டி நின்று கோப்பு நீட்டுகிற பதவி. நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே படகை நம்பியிருந்த காலம். பாலத்துக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டுவது என்று முடிவானது. பணம் சேரவில்லை. அப்போது முதலியார், மனைவி வடிவம்மாளின் நகைகளையும் சேர்த்து 50,000 ரூபாயைத் தானே கொடுத்துவிட்டார். கட்டினவர் ராணுவப் பொறியாளர், உத்தரவு போட்டவர் கலெக்டர், பெயர் காசு கொடுத்த சிரஸ்தாருக்கு. நகையைக் கழற்றிக் கொடுத்த வடிவம்மாள் பெயர் பலகையில் இல்லை. அந்தக் குறையை நெல்லையில் பலர் சொல்லிக் கேட்கலாம், நியாயமான குறைதான்.

பேச்சு வழக்கில் ஆத்துப்பாலம். எழுத்தில், செய்தியில், மனுவில் சுலோச்சன முதலியார் பாலம். இரண்டு பெயரும் சண்டை போடாமல் இருக்கின்றன. சாதிப் பின்னொட்டுக் கேள்வி இங்கேயும் வரும். கோவை மாதிரி இங்கே சிக்கல் இல்லை: பின்னொட்டை எடுத்தாலும் சுலோச்சனர் என்று ஆள் நிற்பார். ஆணா பெண்ணா என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி விளக்கம் கல்வெட்டில் தேவைப்படும்.

நெரிசல் தாங்காமல் பக்கத்திலேயே புதிய பாலம் போட்டிருக்கிறார்கள். பழையதும் புதியதும் தனித்தனிக் கட்டுமானம். பராமரிப்புக் கணக்கில் இவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எந்தச் சாலையிலும் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள், 12/4 என்கிற மாதிரி மஞ்சளிலோ வெள்ளையிலோ எழுதியிருக்கும். 12-வது கிலோமீட்டரில் நாலாவது கட்டுமானம். பழுதுபார்ப்பு மதிப்பீடு, ஒப்பந்தம் எல்லாம் அந்த எண்ணில்தான் ஓடும். பாலத்துக்குப் பெயர் வைக்க மனுப் போடுகிறவர்கள் இந்த எண்ணையும் குறித்து எழுதினால் அதிகாரி கோப்பை எடுத்துப் பார்ப்பது சுலபம். ‘எங்கள் ஊர் ஆற்றுப்பாலம்’ என்று எழுதினால் எந்தப் பாலம் என்று விளக்கம் கேட்டு மனு திரும்பி வரும்.

மதியம் தூத்துக்குடி, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நகரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகும் பக்கிள் ஓடை. 1860-களிலும் 70-களிலும் திருநெல்வேலி கலெக்டராக இருந்த பக்கிள் பெயர் அது என்று ஊரில் சொல்வார்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு எழுந்ததும் அவர் காலத்தில்தான். அணைக்கட்டில் ஊர் பெயர், மழைத்தண்ணீர் வடியும் ஓடையில் அவர் பெயர். மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால் போதும். குப்பையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து ஓடை அடைத்தால் தெருவெல்லாம் தண்ணீர் ஏறும். ஆகவே ஒவ்வொரு அக்டோபரிலும் ‘பக்கிள் ஓடை தூர்வாரும் பணி தீவிரம்’ என்று கலெக்டர் பார்வையிடும் படத்தோடு செய்தி வந்துவிடும்.